நாய்க்கும் புற்றுநோய் வருமா? விலங்கு நோய் ஆய்வாளரின் வேலை பற்றி ஓர் எளிய அறிமுகம்

திருகோணமலையில் மீன் சந்தைப் பக்கமோ பஸ் நிலையத்தடியிலோ திரியும் நாய்களைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சில நாய்களின் பிறப்புறுப்பில் சிவந்து, கொத்துக் கொத்தாகப் பிதுங்கி, இரத்தம் சொட்டும் ஒரு சதை வளர்ந்திருக்கும். அடிபட்ட புண் என்பார் ஒருவர், மற்ற நாய் கடித்தது என்பார் இன்னொருவர். அருவருத்து விலகிப் போகிறவர்களே அதிகம்.

உண்மையில் அது புற்றுநோய். அதுவும் இதுவரை அறியப்பட்ட புற்றுநோய்களிலேயே மிக விசித்திரமான ஒன்று. அந்தக் கட்டி அந்த நாயின் உடம்பில் உண்டானதே இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் எங்கோ வாழ்ந்த ஒரேயொரு நாயின் உடம்பில் தோன்றிய கட்டி, அந்த நாய் செத்த பிறகும் சாகாமல் நாய்க்கு நாய் தாவி, உலகமெல்லாம் சுற்றி, நம் தெரு வரை வந்திருக்கிறது.

இதை யார் கண்டுபிடித்தார்கள், எப்படிக் கண்டுபிடித்தார்கள், அப்படியொரு வேலைக்கு இங்கிருந்து ஒரு பிள்ளை போக முடியுமா என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறவர்களையும், வீட்டில் நாய், மாடு, கோழி வளர்க்கிறவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

வைத்தியர் கேட்பதும் ஆய்வாளர் கேட்பதும்

மிருக வைத்தியர் என்றால் நமக்கு ஊசி, சினைப்படுத்தல், விசர்நாய்த் தடுப்பு மருந்து, இவைதான் நினைவுக்கு வரும். கிண்ணியாவிலோ தம்பலகாமத்திலோ எருமைப் பட்டி வைத்திருப்பவரைக் கேட்டால், மாடு எழும்பாமல் படுத்தால் கூப்பிடுகிறவர் என்பார். அது சரிதான். அந்த வைத்தியர் முன்னால் இருப்பது ஒரு மாடு. அதை எப்படியாவது எழுப்பிவிட வேண்டும் என்பதே அவருடைய கவலை.

ஆய்வாளர் அதே மாட்டைப் பார்த்து வேறு கேள்வி கேட்பார். ஏன் இந்தப் பட்டியில் மட்டும்? ஏன் மாரி தொடங்கியதும்? ஏன் வயது போன மாடுகளுக்கு வருகிறது, கன்றுகளுக்கு வரவில்லை? ஒரு மாட்டில் இதற்குப் பதில் கிடைக்காது. பல மாடுகளைப் பார்க்க வேண்டும், செத்தவற்றைத் திறக்க வேண்டும், குருதியும் இழையமும் எடுத்து ஒப்பிட வேண்டும். இதற்கென்று படித்து வருகிறவர்களில் ஒரு பிரிவினர்தான் விலங்கு நோயியலாளர்கள். அவர்களிலும் சிலர் புற்றுநோயையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

புற்றுநோய் என்பது என்ன? உடம்பில் உள்ள கலங்கள் தேவைக்கு ஏற்பப் பிரியும், தேவை முடிந்ததும் நிற்கும். பிரிவதற்கான கட்டளைகள் பரம்பரை அலகுகளில் இருக்கின்றன. அந்தக் கட்டளைகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிழைகள் சேரும்போது, ஒரு கலம் நிற்காமல் பிரியத் தொடங்குகிறது. பக்கத்து இழையத்துக்குள் ஊடுருவுகிறது, குருதி வழியாக வேறு உறுப்புகளுக்கும் போகிறது. இந்த ஒழுங்கு நாய்க்கும் மாட்டுக்கும் கோழிக்கும் மீனுக்கும் நமக்கும் பொது. கனடாவில் கிடைத்த, 7 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான ஒரு டைனோசரின் கால் எலும்பில்கூட எலும்புப் புற்றுநோய் இருந்ததாக 2020இல் உறுதிப்படுத்தினார்கள். ஆகவே இது நவீன வாழ்க்கை கொண்டுவந்த நோய் மட்டும் என்று சொல்லிவிட முடியாது.

எல்லா விலங்குக்கும் ஒரே அளவில் வருவதும் இல்லை. கந்தளாய்ப் பக்கம் வீதியைக் கடக்கும் யானையை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு பெரிய உடம்பு, எவ்வளவு கலங்கள், எவ்வளவு நீண்ட ஆயுள்! பிழை நேர வாய்ப்பும் அந்த அளவுக்குக் கூட வேண்டும். ஆனால் யானைக்குப் புற்றுநோய் குறைவு. இந்தப் புதிரை 1970களில் ரிச்சர்ட் பீற்றோ என்ற பிரித்தானிய ஆய்வாளர் எழுப்பினார். பிழைபட்ட கலத்தை அழிக்க உதவும் ரீ.பி.53 என்ற பரம்பரை அலகு மனிதரிடம் ஒரு சோடி இருக்க, யானையிடம் இருபது சோடி வரை இருப்பதாக 2015இல் தெரியவந்தது. பதிலின் ஒரு பகுதி அது. எங்கள் காட்டோரத்தில் நிற்கும் ஒரு விலங்கின் உடம்புக்குள் இப்படி ஒரு பாதுகாப்பு இருக்கிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாகவே இருக்கிறது.

போத்தலில் தொடங்கும் வேலை

ஆய்வாளரின் வேலை பெரும்பாலும் அகன்ற வாயுள்ள ஒரு போத்தலில் தொடங்குகிறது.

ஒரு பெட்டை நாயின் மடியில் இருந்த கட்டியை வைத்தியர் வெட்டி எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே வைத்தால், நம் வெயிலில் சில மணி நேரத்துக்குள் கலங்கள் தங்கள் நொதியங்களாலேயே கரையத் தொடங்கும். அதைத் தடுக்கத்தான் போமலின் என்ற பதப்படுத்தும் திரவம். பத்து வீதக் கரைசல், இழையத்தின் பருமனைப் போலப் பத்து மடங்கு ஊற்ற வேண்டும். போமலின் மெதுவாகத்தான் உள்ளே ஊறும். அதனால் பெரிய கட்டியை ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்கு மேற்படாத துண்டுகளாக வெட்டிப் போடுவார்கள். முழுக் கட்டியையும் சின்னப் போத்தலுக்குள் அமுக்கி அனுப்பினால், வெளிப்புறம் பதப்பட்டு நடுப்பகுதி அழுகித்தான் போய்ச் சேரும். ஒடுங்கிய வாய்ப் போத்தலிலும் ஒரு சிக்கல் உண்டு: மெத்தென்று உள்ளே நழுவிய துண்டு, போமலினில் இறுகிய பிறகு வெளியே வராது. நல்லெண்ணத்தில் சிலர் ஐஸ் பெட்டியில் உறைய வைத்துவிடுவார்கள். உறையும்போது உண்டாகும் பனிப் பளிங்குகள் கலங்களைக் கிழித்துவிடும், பிறகு நுணுக்குக்காட்டியில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

எந்த இடத்தை வெட்டி எடுக்கிறோம் என்பதும் முக்கியம். வேகமாக வளர்ந்த கட்டியின் நடுவில் குருதி போதாமல் இழையம் செத்துக் கிடக்கும். விஷயம் இருப்பது ஓரத்தில். கட்டியும் நல்ல இழையமும் சந்திக்கும் எல்லையில்தான், அது ஒதுங்கி நிற்கிறதா, ஊடுருவிப் போகிறதா என்பது தெரியும்.

ஆய்வுகூடத்தில் துண்டிலிருந்து நீரை அகற்றி, மெழுகை ஏற்றிக் கெட்டியாக்குவார்கள். பிறகு நுண் வெட்டியால் நாலைந்து மைக்ரோமீற்றர் தடிப்பில் சீவுவார்கள். தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட வராது அந்தச் சீவல். அதை வெந்நீரில் மிதக்க விட்டு, கண்ணாடி வழுக்கியில் ஏந்தி எடுத்து, ஹீமட்டொக்சிலின், இயோசின் என்ற இரண்டு சாயங்களில் தோய்ப்பார்கள். கலத்தின் கரு நீல ஊதாவாகவும் மற்றப் பகுதி இளஞ்சிவப்பாகவும் தெரியும். அதற்குப் பிறகுதான் நோயியலாளர் குனிந்து பார்க்கத் தொடங்குகிறார். கருக்கள் ஒரே அளவில் இருக்கின்றனவா? குறிப்பிட்ட பரப்புக்குள் எத்தனை கலங்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன? குருதிக் குழாய்க்குள் கட்டியின் கலங்கள் நுழைந்திருக்கின்றனவா? வைத்தியர் வெட்டிய விளிம்பில் ஏதும் மீந்திருக்கிறதா? இவற்றுக்கான பதிலை வைத்துத்தான் அந்த நாய்க்கு இன்னொரு சத்திர சிகிச்சை வேண்டுமா, நுரையீரலை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டுமா, அல்லது நிம்மதியாக விட்டுவிடலாமா என்பது முடிவாகும்.

எனக்கு இதில் ஓர் ஆதங்கம் உண்டு. நம் பக்கத்தில் வெட்டப்படும் கட்டிகள் பல குப்பை வாளியோடு முடிந்துவிடுகின்றன. "டொக்டர், வெட்டியாச்சுத்தானே, இனி என்னத்துக்கு அனுப்புறது?" என்று வீட்டுக்காரர் கேட்பார். செலவு, தூரம், காத்திருப்பு எல்லாம் உண்மைதான். ஆனால் எறியும் ஒவ்வொரு கட்டியோடும் நம் ஊர் விலங்குகளுக்கு என்ன வருகிறது என்ற அறிவும் சேர்ந்து போகிறது. புத்தகத்தில் இருப்பது பெரும்பாலும் வேறு நாட்டு நாயும் வேறு நாட்டு மாடும்தான். நம்முடைய வெயில், தீனி, இனம், வளர்ப்பு எல்லாம் வேறு. அந்த வித்தியாசம் என்ன செய்கிறது என்பதை இங்கிருந்து போகும் போத்தல்கள்தான் சொல்ல வேண்டும்.

நாய்க்கு நாய் தாவும் கட்டி

இனித் தொடக்கத்தில் சொன்ன தெருநாய்க் கட்டிக்கு வருவோம். விலங்கு நோய் ஆய்வு எவ்வளவு பொறுமை கேட்கும், எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்தக் கட்டியை இனம் காண்பது பெரும்பாலும் சுலபம். இரத்தம் கசியும் கட்டியின் மேல் ஒரு கண்ணாடி வழுக்கியை மெல்ல அழுத்தி எடுத்து, காய வைத்து, சாயமிட்டால் போதும். உருண்டைக் கலங்கள் கூட்டமாகத் தெரியும். ஒவ்வொன்றினுள்ளும் சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக இருக்கும். பழகிய கண் சில நிமிடங்களில் சொல்லிவிடும்.

1876இல் நொவின்ஸ்கி என்ற ரஷ்ய மிருக வைத்தியர், ஒரு நாயின் கட்டியிலிருந்து சிறு துண்டை எடுத்து வேறொரு நாயில் வைத்து வளர்த்துக் காட்டினார். ஒரு கட்டியை ஓர் உடம்பிலிருந்து இன்னொன்றுக்கு வெற்றிகரமாக மாற்றியதாகப் பதிவான முதல் சோதனை அது. ஆனால் தெருவில் இயல்பாகப் பரவும்போது என்ன தாவுகிறது? வைரஸா, கலமேதானா? இந்தக் கேள்வி நூறு ஆண்டுக்கு மேல் தொங்கியது.

ஒரு துப்பு, கலத்தினுள் பரம்பரை அலகுகளைத் தாங்கும் நிறமூர்த்தங்களில் இருந்தது. நாயின் கலத்தில் 78 நிறமூர்த்தங்கள். இந்தக் கட்டியின் கலங்களிலோ 57 முதல் 64 வரைதான், எந்த நாட்டு நாயில் எடுத்தாலும் ஏறக்குறைய அப்படித்தான். 2006இல் லண்டன் ஆய்வாளர்கள் பல நாடுகளின் நாய்களில் இருந்து கட்டியையும், அதே நாயின் நல்ல இழையத்தையும் எடுத்து ஒப்பிட்டார்கள். கட்டியின் டீ.என்.ஏ., அது வளர்ந்த நாயின் டீ.என்.ஏ.யோடு பொருந்தவில்லை. கடல் கடந்த வேறொரு நாட்டு நாயின் கட்டியோடு பொருந்தியது. தாவுவது கலமேதான் என்பது அப்போது உறுதியானது. 2019இல் வெளியான இன்னொரு ஆய்வு, 43 நாடுகளிலிருந்து 546 கட்டிகளைச் சேர்த்து, இது ஏறக்குறைய 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் தோன்றியது என்று கணித்தது. அந்த 546 போத்தல்களையும் நிரப்பியவர்கள் ஆங்காங்கே ஊர்களில் நாய் பார்க்கும் சாதாரண மிருக வைத்தியர்கள். கட்டியை எறியாதவர்கள்.

வேறொரு நாயின் கலம் உள்ளே வந்தால் உடம்பு அதை அழிக்க வேண்டாமா? ஏன் அழிப்பதில்லை? இதற்குப் பதில் சொல்ல இன்னொரு மிருக வைத்தியர் தேவைப்பட்டார். பீற்றர் டொகேர்ட்டி அவுஸ்திரேலியாவில் மிருக வைத்தியம் படித்தவர். 1970களில் கன்பராவில் ரொல்ஃப் சிங்கர்நாகலோடு சேர்ந்து எலிகளில் வேலை செய்தபோது, நோயிலிருந்து உடம்பைக் காக்கும் நிர்ப்பீடனக் கலங்கள் தொற்றுற்ற கலத்தை எப்படி அடையாளம் காண்கின்றன என்பதைக் கண்டார். 1996இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் கண்டது இதுதான்: நம் ஒவ்வொரு கலமும் தன் மேற்பரப்பில் சில மூலக்கூறுகளை நீட்டிக்கொண்டிருக்கிறது, சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டுவது போல. நிர்ப்பீடனக் கலம் வந்து அட்டையைப் பார்க்கும். உள்ளே வைரஸ் இருந்தால் அட்டையில் அது தெரியும். அந்நியக் கலமாக இருந்தால் அட்டையே வேறாக இருக்கும். நாயில் தாவும் கட்டி என்ன செய்கிறதென்றால், அட்டையை வெளியே நீட்டுவதையே பெருமளவு குறைத்துவிடுகிறது. சோதிப்பவர் கண்ணில் படாமல் வளர்கிறது. ஆனால் நெடுநாள் அல்ல. பல நாய்களில் நிர்ப்பீடனம் பின்னர் விழித்துக்கொள்வதால், கட்டி தானாகவே சுருங்குவதும் உண்டு.

அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியத் தீவில் இதே கதை வேறு முகத்தோடு நடந்தது. தஸ்மேனியன் டெவில் என்ற மாமிசம் தின்னும் சிறு விலங்குகளின் முகத்தில் கோரமான கட்டிகள் வருவதை 1996இல் முதலில் கண்டார்கள். ஒன்றையொன்று கடிக்கும்போது கட்டியின் கலம் தாவுகிறது என்று 2006இல் தெரிந்தது. நாய்க்கட்டி போல் இது அடங்குவதில்லை, பெரும்பாலும் கொன்றுவிடுகிறது. அந்த இனத்தின் தொகையே சரிந்துவிட்டது. தஸ்மேனியாவிலேயே பிறந்த எலிசபெத் மர்ச்சிசன் என்ற மரபியலாளர் இன்று கேம்பிரிட்ஜில் டெவிலின் கட்டியையும் நாயின் கட்டியையும் ஒருசேர ஆராய்கிறார். தன் ஊர் விலங்கின் துன்பத்தில் தொடங்கி அவர் எங்கே போயிருக்கிறார் என்பதை நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஒரு ஆறுதல்: தெருநாய்க் கட்டிக்கு நல்ல மருந்து இருக்கிறது. வின்கிறிஸ்டீன் என்ற ஊசியைக் கிழமைக்கு ஒன்றாகச் சில கிழமைகள் போட்டால் பெரும்பாலான நாய்கள் குணமாகும். அந்த மருந்து நித்தியகல்யாணியிலிருந்து வருகிறது. கோயில் வீதியிலும் கடற்கரை மணலிலும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் கிடக்கும் பட்டிப்பூதான். குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்கும் இதே மருந்துதான். இலையை அவித்துக் கொடுத்தால் சரியாகும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது நஞ்சு. சுத்திகரித்த மருந்துகூடக் குருதி நாளத்துக்கு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும். வைத்தியர்தான் போட வேண்டும். இன்னொன்று, இந்தக் கட்டி மனிதருக்குத் தொற்றாது. கடித்தால் வரக்கூடிய விசர்நோய்தான் நாம் பயப்பட வேண்டியது.

கோழி கற்றுக்கொடுத்தது

புற்றுநோயை வைரஸும் உண்டாக்கும் என்பதை முதலில் கற்றுத்தந்தது கோழி. 1908இல் டென்மார்க்கில் எலர்மன் என்ற வைத்தியரும் பாங் என்ற மிருக வைத்தியரும், கோழியின் குருதிப் புற்றுநோயை வடிகட்டிய திரவத்தால் பரப்பிக் காட்டினார்கள். 1911இல் நியூயோர்க்கில் பெய்ட்டன் ரவுஸ் ஒரு கோழியின் நெஞ்சுக் கட்டியில் அதையே செய்தார். கட்டியை அரைத்து, கலமோ பற்றீரியாவோ புக முடியாத வடியில் வடித்து, அந்தத் திரவத்தை வேறு கோழிக்கு ஏற்றினார். கட்டி வந்தது. அப்போது பலரும் நம்பவில்லை. கோழிக்கு வருவது நமக்கு எதற்கு என்றார்கள். 55 ஆண்டு கழித்து, 1966இல், 87ஆவது வயதில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கோழிப் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு மாரெக் நோய் தெரிந்திருக்கும். ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் நீண்டு, கோழி எழும்ப முடியாமல் கிடக்கும். திறந்து பார்த்தால் ஈரலிலும் மற்ற உறுப்புகளிலும் கட்டிகள் இருக்கும். ஹங்கேரிய மிருக வைத்தியர் மாரெக் 1907இல் விவரித்த நோய் இது. ஹேர்பிஸ் வகை வைரஸ்தான் காரணம் என்று 1967இல் தெரிந்தது, 1970ஆம் ஆண்டளவில் தடுப்பூசி வந்தது. ஒரு புற்றுநோயைத் தடுக்க உலகில் வந்த முதல் தடுப்பூசி அதுதான், ஒரு நாள் குஞ்சுக்குப் போடுவது. இன்று நம் பாடசாலைகளில் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிராகப் போடும் தடுப்பூசியும், இலங்கையில் 2017இல் தொடங்கியது, வைரஸைத் தடுத்தால் புற்றுநோயைத் தடுக்கலாம் என்ற அதே எண்ணத்தில் வந்ததுதான்.

வீட்டு நாயும் பூனையும் இப்போது ஆய்வில் பெரிய இடம் பிடித்திருக்கின்றன. பெரிய இன நாய்களுக்கு வரும் எலும்புப் புற்றுநோய், பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு வருவதோடு நன்றாக ஒத்துப்போகிறது. நாய் நம் வீட்டுக்குள்ளேயே வாழ்கிறது, நாம் விடும் புகையைத்தான் சுவாசிக்கிறது, ஆனால் சீக்கிரம் மூப்படைகிறது. அதனால் மனிதரில் பல பத்தாண்டு காத்திருந்து அறிய வேண்டியதை நாயில் சில ஆண்டுகளில் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் 2012 முதல் 3,000க்கும் மேற்பட்ட கோல்டன் ரிட்ரீவர் நாய்களை இளம் வயதிலிருந்து இறப்பு வரை பின்தொடர்ந்து வருகிறார்கள். இந்த நாய்கள் கூட்டில் அடைக்கப்பட்ட சோதனை விலங்குகள் இல்லை, வீட்டுச் செல்லங்கள். உரிமையாளர் சம்மதித்து, ஆண்டுதோறும் பரிசோதனைக்குக் கொண்டுவருகிறார்.

எல்லாச் சாவும் புற்றுநோய் இல்லை

நோயியலாளர் புற்றுநோயை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. 2022 டிசம்பரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் செத்து விழுந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். திருகோணமலை மாவட்டப் பட்டிகளும் தப்பவில்லை. புதிய தொற்றோ என்று ஊரே பயந்தது, இறைச்சி கொண்டுசெல்வதைக்கூடத் தற்காலிகமாகத் தடுத்தார்கள். உடல்களைத் திறந்து, மாதிரிகள் எடுத்துப் பரிசோதித்த பிறகுதான், புயலோடு வந்த கடுங்குளிர்தான் காரணம் என்று அறிவித்தார்கள். வெயிலில் வளர்ந்த மாடு, மழையில் நனைந்து, காற்றில் ஒதுங்க இடமில்லாமல் விறைத்துச் செத்திருக்கிறது. தொற்று இல்லை என்று சொல்வதும் ஆய்வின் முடிவுதான், அதற்கும் அதே உழைப்பு வேண்டும்.

பிரெட்றிக் கோட்டையிலும் கோணேசர் கோயில் வழியிலும் திரியும் புள்ளிமான்கள் இன்னொரு பாடம். நாம் பையோடு போட்ட சாப்பாட்டை அவை பையோடு தின்கின்றன. செத்த மானின் வயிற்றைத் திறந்தால் பொலித்தீன் திரண்டு கிடப்பது இங்கே புதுச் செய்தி இல்லை. எனக்கு இதை எழுதும்போதுகூட மனம் பொறுக்கவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மாடு திடீரென்று செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருங்குருதி வடிந்தால் யாரும் கத்தியைத் தொடக் கூடாது. மனிதருக்கும் தொற்றும் அந்திராக்ஸ் நோயாக இருக்கலாம். வைத்தியரும் அதைத் திறக்க மாட்டார், முதலில் குருதித் துளி எடுத்துத்தான் பார்ப்பார்.

இந்த வேலைக்குப் போவது எப்படி

பாதை நீளமானது, ஆனால் தெளிவானது. உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. இலங்கையில் மிருக வைத்தியம் படிக்க ஒரே இடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடம்தான், அதனால் வெட்டுப்புள்ளியை எட்ட வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாய பீடத்தில் விலங்கு விஞ்ஞானம் படிக்கலாம். அதுவும் ஆய்வுக்கு ஒரு வழிதான், ஆனால் அதைக் கொண்டு மிருக வைத்தியராகப் பதிவுசெய்ய முடியாது. பட்டம் பெற்று இலங்கை மிருக வைத்திய சபையில் பதிந்த பிறகு சிலர் அரச மிருக வைத்தியராகப் பிரதேசங்களுக்குப் போகிறார்கள். சிலர் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு, சிலர் கண்டிக்கு அருகே கன்னொறுவையில் உள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகத்துக்கு, சிலர் விரிவுரையாளராக. புற்றுநோயில் ஆழமாகப் போக விரும்பினால் முதுமாணியும் கலாநிதிப் பட்டமும் தேவை. அதற்குப் பலர் வெளிநாடு போகிறார்கள்.

ஆசிரியரும் பெற்றோரும் மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். என் கணிப்பில் வேறு சிலதும் முக்கியம். நாற்றத்தைத் தாங்க வேண்டும். காலையில் செத்த மாட்டை மாலையில் திறந்தால் குடல் பச்சையாகி வயிறு ஊதி நிற்கும், அதற்குள் கையை விட்டு எது நோய், எது செத்த பிறகு வந்த மாற்றம் என்று பிரித்தறிய வேண்டும். புள்ளிவிபரவியல் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் பத்து நாயில் கண்டதை எல்லா நாய்க்கும் சொல்லிவிடுவோம். பட்டிக்காரரோடு பொறுமையாகப் பேசத் தெரிய வேண்டும். மூதூரிலும் வெருகலிலும் ஒரு கதையைச் சரியாகக் கேட்டு வாங்கத் தமிழ் தெரிந்த ஆய்வாளருக்கு இருக்கும் வசதி வேறு யாருக்கும் இல்லை.

வீட்டில் விலங்கு வளர்ப்பவர்களும் இதில் பங்குகொள்ளலாம். பெட்டை நாயின் மடியை மாதம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். கருத்தடைச் சத்திர சிகிச்சை செய்யாத பெட்டை நாய்களில் மிக அதிகம் வருவது மடிக்கட்டிதான், அவற்றில் பாதியளவு கெட்ட வகை. இளம் வயதிலேயே கருத்தடைச் சத்திர சிகிச்சை செய்தால் அந்த ஆபத்து குறையும். ஊசியால் செய்யும் ஹோர்மோன் கருத்தடை எதிர்மாறாக மடிக்கட்டிக்கும் கருப்பைச் சீழுக்கும் வாய்ப்பைக் கூட்டும். வெள்ளைப் பூனையின் காது நுனியில் ஆறாத சிரங்கு தெரிந்தால் விட்டுவிடாதீர்கள், வெயிலால் வரும் தோல் புற்றுநோய் அங்கேதான் பெரும்பாலும் தொடங்கும். வயது போன மாடு ஒரு பக்கம் தலையை உதறி, கொம்பைத் தேய்த்து, அந்தப் பக்க மூக்கால் இரத்தம் விட்டால், கொம்புப் புற்றுநோயாக இருக்கக்கூடும்.

கட்டியை வெட்டினால், பரிசோதனைக்கு அனுப்ப முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். போமலினில் இட்ட மாதிரிக்கு ஐஸ் தேவையில்லை, கண்டி வரை போகும் தூரத்தைத் தாங்கும். கூடவே போகும் படிவத்தில் விலங்கின் வயது, இனம், பாலினம், கருத்தடை செய்ததா, கட்டி உடம்பின் எந்த இடத்தில் இருந்தது, எவ்வளவு நாளாக இருந்தது, வேகமாக வளர்ந்ததா என்பவற்றை எழுத வேண்டும். வெட்டுவதற்கு முன் ஒரு அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தால் இன்னும் நல்லது. அறிக்கை வந்ததும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு பிரதியைத் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை கட்டி வந்தால் வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.